லாயோஷ் வாய்டா: ஒரே தாளில் இரண்டு ஊர்கள்

ஆற்றங்கரையான்

அனைவருக்கும் வணக்கம். இருபதாம் நூற்றாண்டு ஐரோப்பிய ஓவியத்தைப் பற்றிப் பேசும்போது நாம் பாரிசையும் மியூனிக்கையும் சுற்றிச் சுற்றி வருகிறோம் என்ற குறை எனக்கு நெடுநாளாக உண்டு. அதனால், ஹங்கேரிக்கு வெளியே அதிகம் அறியப்படாத லாயோஷ் வாய்டா என்ற ஓவியரைப் பற்றி இந்த இழையைத் தொடங்குகிறேன். ஹங்கேரியர்கள் குடும்பப் பெயரை முன்னால் எழுதுபவர்கள் என்பதால் அவர்களுக்கு அவர் 'வாய்டா லாயோஷ்'. இணையத்தில் தேடுபவர்கள் இரண்டு வரிசையிலும் தேடிப் பாருங்கள்.

அவர் 1908 ஆகஸ்ட் 6 அன்று மேற்கு ஹங்கேரியில் உள்ள சாலாஎகெர்செக் என்ற ஊரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். முதல் உலகப் போரின் நடுவில் குடும்பம் செர்பியாவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே செர்பிய மொழியைக் கேட்டும் கிழக்கு மரபு (ஆர்த்தடாக்ஸ்) திருச்சபையின் கோயில்களைப் பார்த்தும் வளர்ந்த சிறுவன், 1923இல் நாடு திரும்பினான். பிறகு அக்குடும்பம் புடாபெஸ்டுக்கு வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், டான்யூப் கரையில் இருக்கும் சென்டென்ட்ரே என்ற சிற்றூரில் தங்கியது. புடாபெஸ்ட் நுண்கலைக் கழகத்தில் இஷ்ட்வான் சோக் என்ற ஆசிரியரிடம் பயின்ற வாய்டா, 1930இல் நண்பர்களோடு சேர்ந்து காட்டிய புதுமுறை ஓவியங்கள் பெரும் எதிர்ப்பைக் கிளப்பியதால் கழகத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. அதே ஆண்டு பாரிசுக்குப் போனார். 1934 வரை அங்கே வறுமையில் வாழ்ந்துவிட்டுத் திரும்பினார். 1941 செப்டம்பர் 7 அன்று, புடாபெஸ்டை அடுத்த புடகெசி மருத்துவ விடுதியில் காசநோயால் இறந்தபோது அவருக்கு வயது 33.

வரலாற்றுக் குறிப்பு இவ்வளவுதான். நான் பேச விரும்புவது 1935 முதல் 1937 வரை அவர் செய்த வேலையைப் பற்றி. அந்த ஆண்டுகளில் அவரும் கழகத் தோழர் டெஷோ கோர்னிஷும் சென்டென்ட்ரேயின் தெருக்களிலும், ஆற்றுத்தீவில் இருக்கும் சிகெட்மொனொஷ்டோர் என்ற கிராமத்திலும் நடந்து நடந்து, வீட்டு முகப்புகளையும் சன்னல் சட்டங்களையும் கதவுகளையும் கல்லறைச் சிலுவைகளையும் கோயில் கோபுரங்களையும் கோட்டோவியங்களாகச் சேகரித்தார்கள். சேகரித்தவற்றை வாய்டா அப்படியே விட்டுவிடவில்லை. ஒரு தாளில் ஒரு வீட்டை வரைந்து, அதன் மேலேயே ஒரு முகத்தை வரைந்தார். முகத்தின் ஊடாக வீடு தெரியும், வீட்டின் ஊடாக முகம் தெரியும், இரண்டில் எதுவும் மற்றொன்றை மறைக்காது. 'கோபுரமும் தட்டும் உள்ள அசைவிலாப் பொருட்கள்' என்ற 1936ஆம் ஆண்டு ஓவியத்தில் சாப்பாட்டு மேசையின் தட்டும் ஊரின் கோயில் கோபுரமும் ஒரே இடத்தில் நிற்கின்றன. உள்ளங்கையில் அடங்கும் பொருளுக்கும் வானத்தை முட்டும் பொருளுக்கும் அங்கே ஒரே அளவு, ஒரே மரியாதை.

எண்ணெய் வண்ணத்தில் துணிமீது வரையப்பட்ட பெரிய ஓவியங்களை அவரிடம் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். பென்சில், மை, டெம்பரா (முட்டை அல்லது பசை கலந்த வண்ணம்), பாஸ்டல், ஒட்டுத்தாள், கரி என்று பெரும்பாலும் தாளில் செய்த வேலைகளே அவருடைய கொடை. தாள் வேலையை ஓவியத்துக்கு முந்தைய ஒத்திகையாகப் பார்க்கும் பழக்கமே அவர் பெயர் வெளியே பரவாததற்கு ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

ஒரு கேள்வியோடு நிறுத்துகிறேன். 1938 முதல் இந்த ஒளிபுகும் கோடுகளை அவர் விட்டுவிட்டார். முகமூடிகள் வந்தன, பிறகு 1939, 1940 ஆண்டுகளில் பொட்டலம் கட்டும் தாளில் பெரிய பெரிய கரி ஓவியங்கள் வந்தன. அவை முந்தைய வேலைக்கு முறிவா, தொடர்ச்சியா? தொடர்ச்சி என்பதே என் எண்ணம். மறுப்பு உள்ளவர்கள் எழுத வேண்டும்.

புதியவன்

வணக்கம் ஐயா. இவரைப் பற்றி இன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்படுகிறேன். நீங்கள் குறிப்பிட்ட சில ஓவியங்களை இப்போதே தேடிப் பார்த்தேன். பார்த்ததும் ஓர் ஐயம் எழுந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக உருவங்களை வரைவதைப் பிரெஞ்சு ஓவியர் ஃபிரான்சிஸ் பிகாபியா 1920களின் இறுதியிலேயே பாரிசில் செய்துவிட்டார். வாய்டா 1930 முதல் அதே நகரத்தில் இருந்தவர். அங்கே பார்த்ததை ஊருக்குக் கொண்டுவந்து சென்டென்ட்ரே வீடுகளுக்குப் பொருத்தினார் என்று சொன்னால் தவறாகுமா?

வெண்சுண்ணம்

தம்பி, நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்றுக்கொடுத்தவள் என்ற முறையில், கையின் பக்கத்திலிருந்து இதற்குப் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

பிகாபியாவின் ஒளிபுகும் ஓவியங்களில் உருவங்களுக்கு உடல் இருக்கிறது, மெல்லிய திரை போல ஒன்றன்மேல் ஒன்று மிதக்கின்றன, எது முன்னால் எது பின்னால் என்று கண் தேடிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தேடலில்தான் அவற்றின் கனவுத்தன்மை பிறக்கிறது. வாய்டாவின் கோட்டோவியத்தில் நிழல் இல்லை, கோட்டின் தடிமன் மாறுவதில்லை. இது சிறிய செய்தி போலத் தோன்றும், ஆனால் எல்லாமே இதில்தான் இருக்கிறது. ஒரு கோட்டைச் சற்றே அழுத்தி வரைந்தால் அந்தப் பொருள் நம் பக்கம் வந்துவிடும், இலேசாக வரைந்தால் பின்னால் போய்விடும், ஓர் ஓரத்தில் நிழல் தீட்டினால் அது மற்றதை மூடிவிடும். இவை எதையும் செய்யாமல், கம்பியை வளைத்தது போல ஒரே சீராக இழுத்துக்கொண்டே போனால்தான் இரண்டு பொருட்களும் ஒரே தளத்தில் நிற்கும். அதற்குப் பெரிய கட்டுப்பாடு வேண்டும், ஏனென்றால் கை தானாகவே ஒன்றை முன்னிறுத்தப் பார்க்கும்.

என் வகுப்பில் இதை ஒரு பயிற்சியாக வைத்திருக்கிறேன். தெருவில் ஒரு வீட்டை வரையச் சொல்வேன், அதன்மேல் எண்ணெய்த் தாளை வைத்து வேறொரு பொருளை வரையச் சொல்வேன், பிறகு இரண்டையும் ஒரே தாளில் சேர்க்கச் சொல்வேன். முதல் முறை எல்லாப் பிள்ளைகளின் தாளிலும் கோடுகள் சிக்கலாகி, இரண்டு பொருளும் அழிந்துவிடும். எந்தக் கோட்டை விட வேண்டும், எந்தக் கோடு இரண்டு பொருளுக்கும் பொதுவாக முடியும் என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு வாரங்கள் ஆகும். கூரையின் சரிவே ஒரு முகத்தின் கன்னமாகவும் இருக்கும் அந்த ஓர் இடத்தைக் கண்டவுடன் ஓவியம் உயிர்பெற்றுவிடும்.

ஆகவே பாரிஸ் அவருக்கு ஒன்றும் தரவில்லை என்று நான் சொல்லவில்லை. அங்கே அவருக்கு அதிகம் கொடுத்தது திரைப்படம். ஐசன்ஸ்டைன், புடோவ்கின் ஆகியோரின் சோவியத் படங்களை அங்கே பார்த்துவிட்டு, இதழ்களிலிருந்து ஒளிப்படங்களை வெட்டி ஒட்டிச் சில மாண்டாஜ்களைச் செய்தார். அவற்றுள் 'சிறுத்தையும் அல்லியும்' என்பது புகழ்பெற்றது. இரண்டு காட்சிகளை மோதவிட்டால் மூன்றாவது பொருள் ஒன்று பார்ப்பவர் மனத்தில் பிறக்கும் என்ற பாடத்தை அவர் படத்தொகுப்பு மேசையிலிருந்து எடுத்துக்கொண்டார். ஆனால் பாரிசில் காட்சிகள் மோதின, சென்டென்ட்ரேயில் அவை ஒன்றின் ஊடாக ஒன்று தெரிந்தன. ஊருக்குத் திரும்பிய பிறகுதான் அவர் கத்தரியைக் குறைத்துக்கொண்டு பென்சிலை அதிகம் எடுத்தார். அந்த மாற்றத்தைப் பிகாபியாவைக் கொண்டு விளக்க முடியாது.

இசைப்பித்தன்

வெண்சுண்ணம் அம்மா எழுதியதை இரண்டு முறை படித்தேன், மிக்க நன்றி. நான் ஓவியம் அறிந்தவன் அல்லன், ஹங்கேரிய இசையின் வழியாக வாய்டாவிடம் வந்தவன். அவரைப் பற்றிய எந்தக் கட்டுரையை எடுத்தாலும் ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக்கை வைத்து 'ஓவியத்தின் பார்டோக்' என்ற ஒப்பீடு வந்துவிடுகிறது. 1936 ஆகஸ்டில், பின்னாளில் தம் மனைவியான யூலியா ரிக்டருக்கு எழுதிய கடிதத்தில் வாய்டா தம் நோக்கத்தை விளக்குகிறார். மேற்கே பிரெஞ்சுக் கலை, கிழக்கே உருசியக் கலை, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தம் நாடு அவற்றை இணைக்கும் இடமாக வேண்டும் என்றும், தாமும் தோழரும் பாலம் கட்டுபவர்களாக விரும்புவதாகவும் அதில் எழுதுகிறார். பார்டோக்கும் அவரைப் போலவே நாட்டுப்பாடல் தேடிய இசையமைப்பாளர் கோடாயும் இசையில் சென்ற வழியே தங்கள் முன்மாதிரி என்பதை அவரே ஏற்றுக்கொண்டவர்.

அந்த ஒப்பீட்டை அவரே விரும்பியிருந்தாலும், அதை நாம் அளந்துதான் பயன்படுத்த வேண்டும் என்று எனக்குப் படுகிறது. பார்டோக் கிராமம் கிராமமாக ஃபோனோகிராஃப் கருவியைத் தூக்கிக்கொண்டு போய், மெழுகு உருளைகளில் ஆயிரக்கணக்கான பாடல்களைப் பதிவு செய்தவர். ஹங்கேரியப் பாடல்களோடு நிற்காமல் ருமேனிய, சுலோவாக்கிய, செர்பியப் பாடல்களையும் தேடியவர். 1936இல், அதாவது வாய்டா அந்தக் கடிதத்தை எழுதிய அதே ஆண்டில், துருக்கிக்கே போய்ப் பதிவு செய்தார். அப்படிச் சேர்த்ததை ஆண்டுக்கணக்கில் வகைப்படுத்தி, பாடலின் எலும்புக்கூடு எது, சதை எது என்று பிரித்துப் பார்த்தார். வாய்டாவும் கோர்னிஷும் செய்த சேகரிப்பு சில கோடைக்காலங்களின் நடை. அதுவும் உழவர் கிராமத்தில் பாதி, வணிகர் வாழ்ந்த சிறு நகரத்தில் பாதி. அதை ஆய்வுமுறை என்று சொல்வது மிகை.

ஒற்றுமை வேறோர் இடத்தில் இருக்கிறது. பார்டோக் தம் பிற்கால இசையில் நாட்டுப்பாடலை அப்படியே எடுத்து வைப்பதில்லை. இரண்டு குரல்கள் வெவ்வேறு பண்களில் ஒரே நேரத்தில் நடக்கும், ஒன்று மற்றொன்றுக்குப் பின்பாட்டு ஆகாது. அம்மா சொன்ன 'ஒரே சீரான கோடு' என்பது எனக்கு இதைத்தான் நினைவூட்டியது. இவர்களைச் சேகரிப்பாளர்களாக ஒப்பிடுவதைவிட இரண்டு குரல்களைச் சமமாக நடத்தத் தெரிந்தவர்களாக ஒப்பிடுவது நியாயம் என்று நினைக்கிறேன்.

மேலைக்காற்று

இழை நல்ல வழியில் போகிறது. ஆனால் ஊரைப் பற்றி இன்னும் யாரும் சரியாகப் பேசவில்லை. சென்டென்ட்ரே ஏதோ அழகான பழைய ஊர் என்ற அளவில் விட்டுவிட்டால் வாய்டாவின் ஓவியங்களில் பாதி நமக்குப் புரியாமல் போகும்.

1690இல் துருக்கியப் படைகளிடமிருந்து தப்பி, தங்கள் திருச்சபைத் தலைவர் மூன்றாம் அர்செனியேயின் பின்னால் வடக்கு நோக்கி வந்த செர்பியர்களில் ஒரு பகுதியினர் இந்த ஊரில் குடியேறினார்கள். திரும்பிப் போவோம் என்ற நம்பிக்கையில் முதலில் மரத்தாலேயே கோயில்களைக் கட்டினார்கள். திரும்ப முடியாது என்று தெரிந்த பிறகு, பதினெட்டாம் நூற்றாண்டில் அவற்றைக் கல்லால் எழுப்பினார்கள். வாணிபம் செழித்தது. முதன்மைச் சதுக்கத்தில் வணிகர்கள் 1763இல் நிறுத்திய சிலுவை இன்றும் இருக்கிறது. முதல் உலகப் போருக்குப் பிறகு யூகோஸ்லாவியா என்ற புதிய நாடு உருவானபோது இங்கிருந்த செர்பியக் குடும்பங்களில் பல தெற்கே போய்விட்டன. வாய்டா பென்சிலோடு நடந்த தெருக்கள், கோயில்கள் இருந்தும் வழிபடுவோர் குறைந்துபோன தெருக்கள்.

அந்தத் தெருவில் நடந்தவர் யார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். செர்பியாவில் சிறுவயதைக் கழித்த ஒரு ஹங்கேரிய யூதர். 'சென்டென்ட்ரே வீடுகளும் பாடுபட்ட சிலுவையும்' என்ற 1937ஆம் ஆண்டு ஓவியத்தில் வீடுகள் நேராக நிற்கவில்லை. கூரைகளும் முகப்புகளும் சாய்ந்து ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு தரையில்லாமல் மிதக்கின்றன. அவற்றிடையே வழியோரச் சிலுவையில் தொங்கும் கிறிஸ்து. 1936இல் வரைந்த தன்னுருவங்களில் தம் முகத்தின் மேலேயே கிழக்கு மரபுத் திருச்சபையின் ஐகான் (வழிபாட்டுக்குரிய புனிதப் படம்) முகத்தை வரைந்தார். அவற்றுள் ஒன்றில் ஒரு கை மேல்நோக்கிச் சுட்டுகிறது. தன் மதத்துக்கு உரியதல்லாத ஒரு புனித முகத்தைத் தன் முகத்தின் ஊடாகத் தெரியவிடுவதற்கு 1936ஆம் ஆண்டு ஐரோப்பாவில் என்ன பொருள் என்பதை நாம் நிறுத்தி யோசிக்க வேண்டும். இரண்டே ஆண்டுகளில், 1938இல், ஹங்கேரியில் முதல் யூத எதிர்ப்புச் சட்டம் வந்தது, 1939இல் இரண்டாவது வந்தது. ஒரு மனிதன் ஒன்று மட்டுமாகவே இருக்க வேண்டும் என்று அரசு எழுதிய காலத்தில், ஒரு மனிதன் இரண்டாக இருக்க முடியும் என்று அவர் வரைந்தார்.

இதனால்தான் ஆற்றங்கரையானின் கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை. கரி ஓவியங்கள் முறிவுதான். பாலம் கட்டும் எண்ணம் 1938க்குப் பிறகு நடக்காத ஒன்றாகிவிட்டது. 1940 இலையுதிர்காலத்தில் யூத ஆண்களுக்கென்று இருந்த கட்டாய உழைப்புப் படைக்கு அவரும் அழைக்கப்பட்டார், உடல்நலம் கெட்டு விடுவிக்கப்பட்டார், மறு ஆண்டு இறந்தார். அந்தக் கரியில் வீடு இல்லை, முகம் இல்லை, ஊர் இல்லை. வேர்களும் இறகுகளும் முட்களும் போன்ற ஏதோ ஒன்று தாள் முழுவதும் வளர்கிறது. வரப்போவதை அறிந்தவரின் ஓவியங்கள் அவை.

ஆற்றங்கரையான்

மேலைக்காற்று அவர்களே, ஊரைப் பற்றி நீங்கள் எழுதியது நான் எழுதியிருக்க வேண்டியது. நன்றி. ஆனால் கடைசிப் பத்தியை என்னால் ஏற்க முடியவில்லை, காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

இளம் வயதில் இறந்த கலைஞர்களின் கடைசி வேலைகளை எல்லாம் சாவின் முன்னறிவிப்பாகப் படிக்கும் வழக்கம் அந்தக் கலைஞர்களுக்கு நாம் செய்யும் தீங்கு. ஓவியத்துக்குள் அவர் தீர்த்த சிக்கலைப் பார்க்காமல் ஓவியத்துக்கு வெளியே இருக்கும் நாட்காட்டியைப் பார்க்கிறோம். 1939இல் அந்தக் கரியைக் கையில் எடுத்தவருக்கு 1941 தெரியாது. ஹங்கேரிய யூதர்கள் பெருமளவில் கொல்லப்பட்ட 1944 அவருக்குத் தெரியவே தெரியாது. அவருடைய தலைமுறையில் யூத ஓவியர் இம்ரே ஆமோஷ் அந்தக் கொடுமை முழுவதையும் கண்டவர். உழைப்புப் படையில் மீண்டும் மீண்டும் இழுத்துச் செல்லப்பட்டு, 1944இல் குறிப்பேட்டில் தாம் கண்டதை வரைந்து வைத்துவிட்டு, அந்த ஆண்டே ஜெர்மனியில் மடிந்தார். இன்னோர் ஓவியர் இஷ்ட்வான் ஃபர்கஷ் 1944இல் ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமில் கொல்லப்பட்டார். ஆமோஷின் ஓவியங்களில் எரியும் வீடும் கறுப்புத் தேவதையும் நேராகவே வருகின்றன, அவற்றை அப்படிப் படிப்பது சரி. வாய்டாவின் கரியில் அப்படிப்பட்ட அடையாளம் எதுவும் இல்லை.

நடுவில் இருக்கும் 1938ஐ விட்டுவிட்டு நேராகக் கரிக்குத் தாவுவதால்தான் முறிவு போலத் தெரிகிறது. அந்த ஆண்டில் அவர் பாஸ்டலிலும் டெம்பராவிலும் முகமூடிகளை வரைந்தார். 'நிலவுள்ள முகமூடி'யைப் பாருங்கள். இரண்டு முகங்களைக் கோட்டால் அடுக்குவதை விட்டுவிட்டு, ஒரே முகத்துக்குள் நிலப்பரப்பையும் இரவையும் கொண்டுவருகிறார். அடுத்து வந்த 'வடபுல நிலக்காட்சி'யில் முகமும் போய்விடுகிறது, முகத்துக்குள் இருந்த நிலம் மட்டும் விரிகிறது. சென்டென்ட்ரேயின் சன்னலும் சிலுவையும் குறிப்பிட்ட ஊருக்கு உரியவை. அவற்றுக்கும் கீழே, எல்லா ஊருக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று அவர் படிப்படியாகத் தோண்டிக்கொண்டு போவதாகவே எனக்குத் தெரிகிறது.

வெண்சுண்ணம்

இருவருக்கும் நடுவில் நுழைகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கரி ஓவியத்தை ஒரு பரப்பாகப் பார்த்தால் மேலைக்காற்று சொல்வது போலத்தான் தெரியும். அருகில் போய்க் கோட்டைப் பின்தொடர்ந்தால் வேறொன்று தெரியும். கரித்துண்டு யாருக்கும் எளிதில் தரும் பொருள் நிழல்தான். பக்கவாட்டில் படுக்கவைத்துத் தேய்த்தால் ஒரு நொடியில் இருட்டு வந்துவிடும், விரலால் இழுத்தால் புகை போலப் பரவிவிடும். கரியைக் கையில் எடுத்த எவரும் இதைச் செய்யாமல் இருக்க மாட்டார்கள். இந்தப் பெரிய தாள்களிலோ கரியின் முனைதான் ஓயாமல் உழைத்திருக்கிறது. கோட்டுக்குப் பக்கத்தில் கோடு, அதற்குப் பக்கத்தில் இன்னொரு கோடு என்று நூல் நூற்பது போல வரைந்துகொண்டே போகிறார். இருட்டு என்று நாம் நினைப்பது நெருங்கிச் செல்லும் கோடுகளின் திரட்சி. 1936இல் ஒரு வீட்டுக்குப் பத்துக் கோடு போதும் என்று நிறுத்தியவர், 1940இல் ஒரு தாளுக்கு ஆயிரம் கோடும் போதாது என்று தொடர்கிறார். கை ஒன்றுதான், கோட்டின்மேல் வைத்த நம்பிக்கையும் ஒன்றுதான்.

மாறியது எல்லைக்கோடு. முன்பு ஒவ்வொரு கோடும் ஏதோ ஒரு பொருளின் விளிம்பாக இருந்தது. இங்கே விளிம்பு என்பதே இல்லை, எந்தக் கோடும் எந்தப் பொருளையும் அடைத்து வைக்கவில்லை. இதை நம்பிக்கையின் முடிவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனால் ஆற்றங்கரையான் சொல்வது போல அமைதியான தோண்டுதல் என்றும் சொல்ல முடியவில்லை. தாளின் அளவையும் கவனியுங்கள். இரண்டு கையையும் விரித்தால்தான் எட்டும் தாள்கள் அவை. நோயாளி ஒருவர் மணிக்கணக்கில் தோளிலிருந்து கையை வீசி வரைந்திருக்கிறார். பொட்டலத் தாள் மலிவு என்பதால் எடுத்தார் என்பதில் ஐயமில்லை, ஆனால் அதன் பழுப்பு நிறமும் சொரசொரப்பும் கரிக்கு மிகப் பொருந்தும் என்பதை அவர் அறியாமல் எடுக்கவில்லை. வழவழப்பான வெள்ளைத் தாளில் அந்தக் கோடுகள் வழுக்கிக்கொண்டு போயிருக்கும்.

மேலைக்காற்று

அம்மா, கோட்டைப் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். முறிவு என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். காலம் அந்தக் கையை அழுத்தியது என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். வரப்போவது தெரியாவிட்டாலும், வந்துவிட்டது என்ன என்பது 1939இல் ஒரு யூத ஓவியருக்கு நன்றாகவே தெரியும்.

புதியவன்

இந்த இழையைப் படித்துவிட்டு ஆண்டுகளைக் குறித்துக்கொண்டிருந்தேன். நாம் எல்லோரும் அறிந்த ஓவியர் அம்ரிதா ஷெர்-கில் புடாபெஸ்டில் 1913இல் ஒரு ஹங்கேரியத் தாய்க்குப் பிறந்தவர். அவரும் 1930களின் தொடக்கத்தில் பாரிசில் பயின்று, வாய்டாவைப் போலவே 1934இல் அங்கிருந்து கிளம்பினார். 1937இல் தென்னிந்தியப் பயணத்துக்குப் பிறகு தம் புகழ்பெற்ற ஓவியங்களை வரைந்தார். 1941 டிசம்பரில் லாகூரில் 28 வயதில் இறந்தார். இருவரும் பாரிசை விட்டு ஏறத்தாழ ஒரே வேளையில் திரும்பி, தாங்கள் வேர்கொள்ள விரும்பிய மண்ணின் பழைய ஓவியங்களிடம் போனார்கள். ஒருவர் ஐகான்களிடம், மற்றவர் அஜந்தாவிடம். இதில் கூடுதலாக ஏதும் பொருள் காண்பது சரியா என்று தெரியவில்லை, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இன்னொரு கேள்வி. இவ்வளவு மலிவான தாளில் வரையப்பட்டவை, அந்தப் போரையும் அதன் பிறகு வந்த ஆட்சியையும் தாண்டி எப்படித் தப்பின?

ஆற்றங்கரையான்

ஷெர்-கில் ஒப்பீடு எனக்குத் தோன்றாத ஒன்று. ஆண்டுகளின் பொருத்தம் வியப்பளிக்கிறது, தனி இழையாகவே தொடங்கலாம். அவர் உருவத்தின் திண்மையைத் தேடிப் போனவர், வாய்டா திண்மையைக் கழற்றிப் போட்டவர் என்ற வேறுபாட்டை மட்டும் இப்போதைக்குக் குறித்து வைக்கிறேன்.

தப்பியதற்கு முதல் காரணம் யூலியா. 1938இல் வாய்டாவை மணந்த அவர் தாமும் ஓவியர். கணவர் இறந்த பிறகு போர்க்காலம் முழுவதும் அந்தத் தாள்களைக் காத்தவர் அவர். அவருடைய சகோதரியின் கணவரும் ஓவியருமான எண்ட்ரே பாலிண்ட், வாய்டாவின் நெருங்கிய தோழர், சென்டென்ட்ரேயின் வீடுகளையும் கல்லறைகளையும் வாழ்நாள் இறுதிவரை தம் ஓவியங்களில் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார். 1943இலேயே, போர் நடக்கும்போதே, புடாபெஸ்டில் நினைவுக் கண்காட்சி ஒன்று நடந்தது. 1945இல் தொடங்கிய 'ஐரோப்பியப் பள்ளி' என்ற கலைஞர் குழு வாய்டாவைத் தன் முன்னோடியாக ஏற்றுக்கொண்டது. எர்னோ கால்லாய் என்ற கலைத்திறனாய்வாளர் அவருக்காக உறுதியாக எழுதினார். ஆனால் 1948இல் கம்யூனிஸ்ட் ஆட்சி இறுகியதும் அந்தக் குழு கலைய நேர்ந்தது. சோசலிச எதார்த்தவாதம் தவிர வேறெதையும் காட்சிக்கு வைக்க முடியாத ஆண்டுகள் வந்தன. வாய்டா மறுபடி அலமாரிக்குள் போனார்.

1960களில் கதவு சற்றே திறந்தபோது, கவிஞரும் கலை வரலாற்றாளருமான ஷ்டெஃபானியா மாண்டி அவரைப் பற்றி எழுதத் தொடங்கினார். 1983இல் அவருடைய பெரிய ஆய்வு வெளிவந்தது. 1972இல் சென்டென்ட்ரேயின் இளைஞர்கள் தொடங்கிய கலைக்கூடத்துக்கு வாய்டாவின் பெயரையே வைத்தார்கள். அவர்கள் வரைந்த விதத்துக்கும் அவர் வரைந்த விதத்துக்கும் தொடர்பு குறைவுதான். ஆயினும் அரசு கொண்டாடாத ஒரு பெயரைத் தங்கள் வாசலில் எழுதிக்கொண்டதை நான் பெரிதாகவே மதிக்கிறேன். 1986இல் அதே ஊரில் அவருக்கென்று ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. யூலியா அதைப் பார்க்கவில்லை, 1982இல் இறந்துவிட்டார்.

1930இல் அவரோடு கழகத்தை விட்டு வெளியேறியவர்களையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கியோர்கி கெபெஷ் அமெரிக்கா சென்று, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1967இல் காட்சிக்கலை ஆய்வு மையத்தை நிறுவினார். அலெக்சாந்தர் த்ரௌனர் பாரிசிலேயே தங்கித் திரைப்பட அரங்க அமைப்பாளராகப் பெயர்பெற்று, ஆஸ்கர் விருதும் வாங்கினார். நாடு திரும்பியவர்களில் கோர்னிஷ் 1984 வரை வாழ்ந்து, சென்டென்ட்ரேயில் தொடங்கிய சேகரிப்பைத் தம் வழியில் தொடர்ந்தார். வெளியே போனவர்களை உலகம் அறிந்துகொண்டது. வாய்டா திரும்பி வந்த ஏழாம் ஆண்டில் இறந்தார்.

புதியவன்

மிக்க நன்றி ஐயா. அம்மா, ஒரு வேண்டுகோள். இவரைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குபவன் எந்த ஓவியத்தில் தொடங்கி எந்த வரிசையில் போக வேண்டும்?

வெண்சுண்ணம்

தம்பி, தன்னுருவங்களில் தொடங்க வேண்டாம். அவை புகழ்பெற்றவை என்பதால் எல்லோரும் அங்கேதான் போவார்கள், போனவுடன் ஐகானின் பொருள் என்ன என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள். முதலில் 1935, 1936 ஆண்டுகளின் வெறும் கோட்டோவியங்கள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, ஒரே ஒரு சன்னலை மட்டும் விரலால் பின்தொடர்ந்து பாருங்கள், அது எங்கே நிற்கிறது, அதன் கோடு எங்கே வேறொன்றாக மாறுகிறது என்று. பிறகு கோபுரமும் தட்டும். அதன் பிறகு 1937ஆம் ஆண்டின் வீடுகளும் சிலுவையும், அங்கே கோட்டோடு ஒட்டுத்தாளும் டெம்பராவும் சேர்வதைக் கவனியுங்கள். அதற்குப் பிறகு ஐகான் தன்னுருவம், அடுத்து நிலவுள்ள முகமூடி. கரி ஓவியங்களைக் கைப்பேசியில் பார்க்காதீர்கள், கோடுகள் எல்லாம் ஒன்றாகக் குழம்பி வெறும் கறுப்பாகத் தெரியும். பெரிய திரையில், ஒரு மூலையை மட்டும் பெரிதாக்கி, அங்கிருந்து மெல்ல நகர்ந்து போங்கள்.